வடக்கு நடையின் சொந்தக்காரர்

"அந்தத் திருமேனிப் பயலுக்கு மாலை போட்டாங்கம்மா. எனக்குப் போடல."

எல்லப்பன் வந்ததும் வராததுமாகக் கொட்டினார்.

குளத்துப் படியில் அரிசி களைந்துகொண்டிருந்த துறவியம்மா நிமிரவில்லை. எல்லப்பனைவிட வயதில் மிக இளையவர். ஆனாலும் அவர்தான் எல்லப்பனுக்குக் குரு.

"எதுக்கு மாலை?"

"தேரடியிலிருந்து கோயிலுக்குப் போற வடக்கு நடையைத் திறந்துவிட்ட நாள் விழாவாம். எங்க ஜனம் அதுல கால் வைக்கக் கூடாதுன்னு இருந்துச்சு. செருப்பைக் கையில தூக்கிக்கிட்டுச் சாக்கடைச் சந்துலதான் போவோம். அந்த வாசல்ல விழுந்து கிடந்து அடி வாங்கினவன் நான். இந்தக் கால் அன்னைக்கு ஒடிஞ்சது. திருமேனி அன்னைக்கு மாமியார் வீட்டுல கறிச்சோறு தின்னுக்கிட்டிருந்தான்."

"இப்ப யார் நடக்கிறாங்க?"

"யார் நடக்கல? மாதா கோயில்ல நடுவழின்னா மணப்பெண்ணுக்கும் சவப்பெட்டிக்கும்னு ஒரு மரியாதை இருக்கு. பள்ளிவாசல்ல தொழுகிறவர் முன்னால யாரும் குறுக்கே போறதில்ல. நான் ரத்தம் சிந்தின வழியில கண்டவனும் காய்கறிப் பையோட, கொட்டாவி விட்டுக்கிட்டுப் போறான். வயிறு எரியுதும்மா!"

துறவியம்மா தன் கோலை எடுத்து நீட்டினார்.

"எல்லப்பய்யா, இன்னைக்கு அந்த நடை உங்களுது. வாசல்ல உட்காருங்க. திறந்தது யாருன்னு கேளுங்க. சரியாச் சொன்னா விடுங்க."

எல்லப்பன் போய் உட்கார்ந்தார்.

"திறந்தது யாரு?"

"வாட்ச்மேன்," என்றான் ஒரு வாலிபன்.

கோல் குறுக்கே விழுந்தது.

"என்ன பெருசு, காலையிலேயேவா?"

"சந்துல போடா."

அடுத்து வந்தவர் யோசித்தார். "திருமேனி ஐயாதானே?"

கோல் தரையில் ஓங்கி இறங்கியது. எல்லப்பன் சொல்லாமலே அவர் சந்துக்குத் திரும்பினார்.

மதியத்துக்குள் சந்தில் நெரிசல். மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். வெகு காலத்துக்குப் பிறகு எல்லப்பனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

வெயில் சாயும்போது மாரக்கா வந்தாள். அவர் தெருக்காரி. அன்று தன் சேலையைக் கிழித்து அவர் காலுக்குக் கட்டுப் போட்டவள். இப்போது அவளுக்குக் கண் மங்கல்.

இவளுக்குத் தெரியும். எல்லப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வாசலில் யாரோ கோலோடு உட்கார்ந்திருப்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

எல்லப்பன் வாயைத் திறப்பதற்குள் அவள் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"தெரியாம வந்துட்டேன் சாமி," என்று சந்துப் பக்கம் திரும்பினாள்.