கட்டியக்காரனும் கொதிக்கிற பாயசமும்

முன்னொரு காலத்தில் தும்பைநாட்டைச் சீறிவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். பெயருக்கேற்ற ராஜா. செருப்பு இடம் மாறிக் கிடந்தால்கூட "யாரங்கே!" என்று கத்துவான். ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும் "யாரங்கே!"தான்.

அவன் சபையில் வடமலை என்று ஒரு கட்டியக்காரன். ராஜா வரும்போது முன்னால் நின்று பட்டப்பெயர்களை முழங்குவது அவன் வேலை. கணீரென்ற குரல். வீட்டுக் கொல்லையில் சொல்லிப் பார்த்தால் ஓர் எழுத்து பிசகாது. ராஜாவின் மீசையைப் பார்த்துவிட்டால் போச்சு, நெஞ்சு படபடக்கும், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இது போதாதென்று பொக்கிஷக்காரர் குழைக்காதர் வேறு. அந்த வேலையைத் தன் மச்சினனுக்கு வாங்கித் தரவேண்டும் என்று அவருக்கு ஆசை. அதனால் வடமலை வாய் திறக்கும் சமயம் பார்த்து, "தம்பி, ராஜா இன்று ரொம்பக் கோபமாக இருக்கிறார், பார்த்து!" என்று காதில் ஓதுவார். எவ்வளவு நல்ல மனுஷர்!

ஒருநாள் அப்படி ஓதியதில், "பகைவர் கண்டு நடுங்கும் மாமன்னர்!" என்று முழங்கவேண்டிய வடமலை, "பகைவரைக் கண்டு நடுங்கும் மாமனார்!" என்று முழங்கிவிட்டான்.

சபையே சிரிப்பை விழுங்கியது. வந்துகொண்டிருந்த ராஜா துள்ளிக் குதித்தான்.

"யாரடா மாமனார்? உன் பெண்டாட்டியைப் பெற்றவனா நான்? நாளைக்குப் பக்கத்து நாட்டு ராஜா வருகிறார். அவர் முன்னால் ஓர் எழுத்து தப்பட்டும், உன் பாதி மீசையை மழித்து, கழுதைமேல் பின்பக்கமாக உட்காரவைத்து நாட்டைவிட்டே துரத்துகிறேன். உன் வேலை குழைக்காதரின் மச்சினனுக்கு!"

மீசை போனால் முளைக்கும். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்த நாட்டுக்குப் போவான் பாவம்? அழாத குறையாக மந்திரி ஆவுடையப்பரிடம் ஓடினான்.

"ஐயா, பயப்படாதே, பயப்படாதே என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். நெஞ்சு கேட்கமாட்டேன் என்கிறதே!"

"அது அடிக்கிற அடியில் நீ சொல்வது அதன் காதில் எங்கே விழும்?" என்றார் மந்திரி. "கவலையை விடு. நாளைக்குத் தூணுக்குப் பின்னால் மூலிகைப் பாயசம் வைக்கிறேன். கொதிக்கக் கொதிக்க இருக்கும். மெல்ல, நீளமாக ஊதி ஆற்றிக் குடி. மேலே படிந்திருக்கும் ஆடை அசையலாம், கிழியக்கூடாது. புஸ்ஸென்று ஊதினால் மூலிகை செத்துவிடும்."

கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்ட குழைக்காதருக்கு இவ்வளவு போதாதா?

மறுநாள் முரசு முழங்க, பக்கத்து ராஜா வந்து அமர்ந்தார். வடமலை தூணுக்குப் பின்னால் ஓடினான். கிண்ணம் காலி! பின்னாலேயே வந்த மந்திரியிடம் அதைக் கவிழ்த்துக் காட்டினான்.

"ஐயா! மூலிகை போச்சு! நான் தொலைந்தேன்!"

"கிண்ணம் இருக்கிறதல்லவா? ஊது" என்றார் மந்திரி.

"வெறும் கிண்ணத்தையா?"

"ஆடை கிழியாமல் ஊதடா!"

வேறு வழியில்லாமல் ஊதினான். முதல் மூச்சு திக்கித் திணறி வந்தது. அடுத்தது கொஞ்சம் நீண்டது. இல்லாத ஆடை கிழிந்துவிடக்கூடாதே என்று பார்த்துப் பார்த்து ஊத ஊத, காதுவரை ஏறியிருந்த தோள் இறங்கியது. நெஞ்சு தன் இடத்துக்குத் திரும்பியது. நாக்கில் ஈரம் ஊறியது. சபைக்கு வந்து ராஜாவின் மீசையை நிமிர்ந்து பார்த்தான். அட, இடப்பக்கம் கொஞ்சம் குட்டை! இத்தனை நாளும் இதை அவன் கவனித்ததே இல்லை.

"பகைவர் கண்டு நடுங்கும் மாமன்னர்! தும்பைநாட்டுத் தலைவர்! சீறிவர்மர் வருகிறார், பராக்!"

மண்டபமே அதிர்ந்தது. பக்கத்து ராஜா கைதட்டினார். சீறிவர்மன் பூரித்துப்போய், "குழைக்காதரே, எப்படி?" என்றான்.

குழைக்காதர் வாயைத் திறந்தார். "பிழமாதம், மாமனாழே!"

வடமலையின் பாயசத்தை ஒரே மடக்கில் விழுங்கியதில் நாக்கு வெந்துபோயிருந்தது. மீசையில் ஒரு முந்திரிப்பருப்பு வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. மந்திரி காலிக் கிண்ணத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னதும் ராஜாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"யாரங்கே! கொண்டுவா கழுதையை!"

மந்திரி இன்னொரு கிண்ணத்தை நீட்டினார். "உத்தரவு போடுமுன் இதைக் கொஞ்சம் ஊதுங்கள், மகாராஜா. ஆடை கிழியக்கூடாது."

ராஜா ஊதினான். மறுபடி ஊதினான். முகத்துச் சிவப்பு மெல்ல வடிந்தது. கடைசியில் களுக்கென்று சிரித்துவிட்டான்.

"இவரைச் சுமக்க அந்தக் கழுதை என்ன பாவம் செய்தது? குழைக்காதரே, இனி கொதிக்கிற பாயசத்தை ஏந்தி என் பக்கத்திலேயே நில்லும். எனக்குக் கோபம் வந்தால் நீட்டவேண்டும். நீர் ஒரு சொட்டும் குடிக்கக்கூடாது! வடமலை, உனக்கு என் குதிரை. நேராகவே உட்கார்ந்து போ!"

பக்கத்து ராஜா மந்திரியின் காதருகே குனிந்தார். "அது என்ன மூலிகை ஐயா? எங்கள் ஊரிலும் தேவைப்படுகிறது."

"மூலிகையாவது ஒன்றாவது! வெறும் பால் பாயசம். மூச்சை மெல்ல விடுங்கள் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள், அரசே? பாயசம் என்றால் ராஜாவே ஊதுகிறாரே!"

அதன்பிறகு தும்பைநாட்டில் யாருக்கும் பாதி மீசை போகவில்லை. ராஜாவுக்குத்தான் தொப்பை வந்துவிட்டது.