தூணுக்குள் கேட்ட சிரிப்பு

கேட்டு முடித்ததும் எழுந்து போய்விடக்கூடிய கதை இல்லை இது. கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். அதனால் போகிற போக்கில் சொல்வதையும் கொஞ்சம் கவனித்து வையுங்கள்.

வேங்கைநல்லூர் என்ற சிறு நாட்டில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. அதில் பெண்களுக்கென்று தனிப் படித்துறை. ஆண்கள் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். துணி துவைத்தபடியே பெண்கள் அங்கே பேசாத பேச்சு இல்லை. ஆனால் பேசியதைப் படித்துறையிலேயே விட்டுவிட்டு வரவேண்டும், வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது வழக்கம். இதைவிடக் கடுமையான சட்டமும் ஒன்று உண்டு. பிறர் பேச்சை ஒளிந்து கேட்டவர் யாராக இருந்தாலும் நாட்டின் எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும். அவர் யாருடைய பேச்சைக் கேட்டாரோ, அவர்களில் ஒருவர் எல்லைக்கு வந்து அழைத்தால் மட்டுமே திரும்பலாம்.

ஏரி அதிகாரியின் பெயர் மாறவேலர். மடையைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில். அவர் வீட்டில் தனிக் கிணறு இருந்ததால் மனைவி வடிவம்மை படித்துறைக்கு வந்ததே இல்லை. தன்னைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்று தெரியாமல் அந்த மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. சாக்கடை கட்டுவதாகச் சொல்லி, தன் அறையிலிருந்து படித்துறை மண்டபத்துத் தூண்வரை மண்ணுக்கடியில் சுடுமண் குழாய் பதித்தார். அறைப்பக்கம் அதற்கு ஒரு மூடியும் இருந்தது. ஒரு சொல்லும் தப்பிவிடக் கூடாதென்று அவர் அதை மூடுவதே இல்லை.

அதன்பிறகு, அவரை ஏசியவளின் வீட்டு வயலுக்குத் தண்ணீர் முறை தள்ளிப்போயிற்று. யாரோ கோள் சொல்கிறார்கள் என்று பெண்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். வாய் ஓயாத நாச்சியாள்மேல் பழி விழுந்தது. அவள் துவைக்கும் கல் தூணை ஒட்டி இருந்தது, தூண் மறைவில் நின்று கேட்டுப் போய்ச் சொல்கிறாள் என்றார்கள். "உங்களிடம் வந்து சொல்பவள் இவள்தானே?" என்று சபையில் கேட்டபோது மாறவேலர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "சட்டம் ஒன்று இருக்கிறதே" என்று மட்டும் சொன்னார். தான் இல்லை என்று நாச்சியாள் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவள் எல்லையைத் தாண்டிப் போனாள். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

காலியான கல்லில் செவந்தி என்பவள் துவைக்கத் தொடங்கினாள். ஒருநாள் தூணுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மாறவேலரின் குரல். குழாய்க்கு அதிகாரி யார், குடிமக்கள் யார் என்று தெரியாதல்லவா? செவந்தி யாரிடமும் மூச்சுவிடவில்லை. துவைத்த துணியையே மறுபடி மறுபடி துவைத்துக்கொண்டு பல நாள் அங்கேயே இருந்தாள். கீழ்மடையை இந்தப் போகத்துக்குத் திறப்பதில்லை என்று பெருநிலக்காரர் ஒருவருக்கு அவர் வாக்குக் கொடுத்ததைக் கேட்டாள். வாழப்போன மகள் திரும்பி வந்து உள்ளறையில் இருக்கிறாள், இதை எப்படி மறைப்பேன் என்று வடிவம்மை அழுததையும் கேட்டாள்.

மடை திறக்கும் நாளன்று, ஊர் கூடியிருக்க, மாறவேலரின் முகத்துக்கு நேராகச் செவந்தி மடைச் சங்கதியையும், அது தூணுக்குள்ளிருந்து கேட்டதையும் சொன்னாள். தூணை இடித்தார்கள். குழாய் தெரிந்தது. அன்றே பெண்களெல்லாம் அழுக்குத் துணியோடும் குடத்துத் தண்ணீரோடும் அரண்மனை வாசலுக்குப் போய் அங்கேயே துவைக்கத் தொடங்கினார்கள்.

"எங்க பேச்ச ஒளிஞ்சு கேக்க வேண்டாம். அரசரே நேரா கேட்டுக்கட்டும்" என்றார்கள். வாசலெல்லாம் சேறாயிற்று. ஆண்களும் கலப்பையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

சபை கூடியது. மாறவேலர் அசரவில்லை.

"நான் கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஏரிக்குக் கேடு நினைப்பவர்களை அறியவே கேட்டேன். இவளும்தான் ஒளிந்து கேட்டாள். தெரிந்த அன்றே ஏன் சொல்லவில்லை? எனக்கு ஒரு சட்டம், இவளுக்கு ஒரு சட்டமா?"

அரசர் செவந்தியைப் பார்த்தார். அவள் இடுப்பில் கைக்குழந்தை. எல்லைக்கு அப்பால் அவளுக்கு ஒருவரையும் தெரியாது.

"நெசந்தான் மகாராசா. வேணும்னுதான் கேட்டேன். மொத நாளே சொல்லியிருந்தா யாரு நம்பியிருப்பா? நாச்சியா அக்கா சொன்னத நம்பினீங்களா?"

"மடைப் பேச்சைத் தவிர வேறு என்ன கேட்டாய்?" என்றார் அரசர்.

"அது படித்துறையில கேட்டது. அங்கேயே விட்டுட்டேன்."

சபையின் ஓரத்தில் நின்றிருந்த வடிவம்மை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இருவரையும் அனுப்பினால் செவந்தியின் குழந்தை தெருவில் நிற்கும். இருவரையும் விட்டால் வாசலில் நிற்கிற கூட்டம் கலையாது. ஒருவரை மட்டும் அனுப்பினால் சட்டம் ஆளுக்கொன்று என்றாகிவிடும். சட்டத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், குற்றவாளியைத் தவிர வேறு யாரும் வெளியே தங்காதபடி அரசர் என்ன தீர்ப்புச் சொல்லியிருப்பார்? சொல்லுங்கள்.

விடை: அரசர் இருவரையுமே எல்லைக்கு அனுப்பினார். சட்டம் அதோடு முடிந்துவிடவில்லையே. செவந்தி எல்லைக்கல்லைத் தாண்டிய சற்று நேரத்திலேயே, படித்துறைக்கே வராத வடிவம்மை அங்கே வந்து நின்றாள். செவந்தி கேட்ட பேச்சில் அவள் பேச்சும் இருந்தது, அவள் அழுகை ஊருக்குத் தெரியாமல் காத்தவளும் செவந்திதான். "வாடியம்மா" என்று கூப்பிட்டாள். படித்துறைப் பெண்கள் நாச்சியாளைத் தேடிப் போய் அழைத்து வந்தார்கள், தலைகுனிந்துகொண்டுதான். கணவரையும் அழைக்க வடிவம்மைக்கு ஆசைதான். ஆனால் அவர் ஒளிந்து கேட்டது படித்துறைப் பேச்சை, அதில் அவள் பேசியதில்லை. அழைக்கக்கூடியவர்கள் அந்தப் பெண்கள்தான், அவர்களில் ஒருத்தியும் போகவில்லை. மாறவேலர் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, யாராவது தன் பெயரைச் சொல்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.