கைமரத்துக்கு அந்தப் பக்கம்

உட்காருங்கள், சொல்கிறேன். ராஜாக்கள் ஆண்ட காலம் அது. எந்த ராஜா என்று கேட்காதீர்கள், பெயர் மறந்துவிட்டது. இந்தக் கதையில் அவருக்கு வேலையும் இல்லை. கடலோரத்தில் அவர் கட்டிவைத்த கல்மண்டபத்துக்கு மட்டும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

ஊரின் பெயர் வெண்மணல்துறை. எல்லாரும் உப்பு விளைவிக்கிறவர்கள். எல்லா வீடும் பனையோலை வேய்ந்த வீடு. ஐப்பசி பிறந்தால் ஊரே கூரை மேல்தான் இருக்கும். புயல் வருவதற்குள் ஓலையை, கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டியாக வேண்டும்.

அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கூரைமேல் உட்கார்ந்து, கயிறு கோத்த நீளமான குத்தூசியை ஓலைக்குள் குத்துவார். வீட்டுக்குள் பரணில் நிற்பவர் கயிற்றை ஊசியிலிருந்து உருவிக்கொள்வார். மேலே இருப்பவர் வெறும் ஊசியை வெளியே இழுத்து, கைமரத்துக்கு மறுபக்கம் குத்துவார். கீழே இருப்பவர் கயிற்றை மறுபடியும் கோத்துவிடுவார். மேலே இழுத்தால், கைமரத்தைச் சுற்றிக் கயிறு வந்துவிடும்.

ஆனால் மேலே இருப்பவருக்குக் கைமரம் கண்ணில் படாது. ஆகவே வாய் ஓயாமல் பேசித்தான் கட்டுவார்கள். "வந்துச்சா?" "வந்துச்சு, அந்தப் பக்கம் குத்து!" "கோத்தாச்சு, இழு!" தெருத்தெருவாக இதே சத்தம். அடடா, என்ன நாட்கள் அவை! சாதாரண நாளில் மெதுவாகப் பேசுகிறவர்கள்கூட அன்றைக்குத் தொண்டை கிழியக் கத்துவார்கள். அந்தச் சத்தத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணும் கலங்குகிறது.

அந்த ஊரில் நல்லாதன், இளநாகன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். ஊரிலேயே வேகமாகக் கூரை கட்டுகிறவர்கள். அண்ணன் மேலே, தம்பி கீழே. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அப்புறம் நல்லாதன் மகள் வெண்ணிக்குக் கல்யாணம் வந்தது. பந்தியில் ஊற்றிய குழம்பில் உப்பு இல்லை. உப்பு விளைவிக்கிற வீட்டுக் கல்யாணத்தில்! இளநாகன் சும்மா இருந்திருக்கலாம். சம்பந்திகள் காதுபட, "எங்க அண்ணன் இருந்த உப்பையெல்லாம் வித்துட்டாரு போலிருக்கு" என்றான். பந்தியே சிரித்தது. நல்லாதனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இனி உன் வாயிலேருந்து ஒரு சொல்லு என் காதுல விழக் கூடாது" என்றான்.

"விழாது" என்றான் தம்பி.

இருவரும் சேர்ந்து குடியிருந்த வீட்டுக்கு நடுவே மண்சுவர் எழும்பியது. சுவர் வீட்டை இரண்டாக்கினாலும் கூரை ஒன்றாகத்தான் இருந்தது. ஏதாவது சொல்லியே தீரவேண்டும் என்றால் சுவரிடம் சொல்வார்கள். "ஏ சுவரே, ஆடு கீரைப்பாத்தியில மேயுதுன்னு அந்தப் பக்கத்து ஆளுக்குச் சொல்லு!" முதல் மழைக்காலத்தில் இருவருமே கூரையைத் தொடவில்லை. காற்றும் அந்த ஆண்டு பெரிய மனது பண்ணி விட்டுவிட்டது.

அடுத்த ஆண்டு விடவில்லை. ஒரு நாள் விடியும்போதே கடல் இரைந்தது, நண்டுகள் கூட்டமாகத் தெருவுக்கு ஏறி வந்தன. ஊர் மூட்டை கட்டிக்கொண்டு கல்மண்டபத்துக்கு ஓடியது. நல்லாதனால் ஓட முடியவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த வெண்ணிக்கு அன்று காலையில்தான் வலி எடுத்தது.

"பொண்ணை இப்ப அசைக்கக் கூடாது. ரெண்டு உசுரு போயிடும்" என்றாள் மருத்துவச்சி.

நல்லாதன் மேலே பார்த்தான். காற்று ஓலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இந்தக் கூரை போனால் மகளும் போவாள். மருமகன் உப்புவண்டியோடு வெளியூர் போயிருந்தான். மனைவியோ மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு ஆளே இல்லை.

முதலில் அவன் தனியாகவே கட்டினான். ஏணியில் ஏறிக் குத்துவான், இறங்கி ஓடிக் கயிற்றை உருவுவான், மறுபடி ஏறுவான். ஒரு கட்டு முடிவதற்குள் ஒரு மூலை ஓலை பறந்துவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் இளநாகன், தன் மனைவி மக்களை மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு, கடைசி மூட்டையைத் தோளில் வைத்திருந்தான். வெண்ணி அலறுவது கேட்டது. அவன் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அண்ணன் வீட்டுக்குள் வந்து பரணில் ஏறி நின்றான். பேசவில்லை.

அடுத்த முறை ஊசி உள்ளே வந்ததும் கயிற்றை யாரோ உருவினார்கள். யார் என்று நல்லாதனுக்குத் தெரியும். அவனும் பேசவில்லை. ஊசி போனது, வந்தது. வேலை மளமளவென்று நடந்தது. ஆனால் மறுபக்கம் என்று நினைத்து நல்லாதன் குத்தியதெல்லாம் கைமரத்துக்கு இந்தப் பக்கமே விழுந்தது. தம்பி அதைப் பார்த்தான். சொல்ல வாய் வரவில்லை, வந்த இடத்திலேயே கோத்துவிட்டான். அந்த வீம்பை என்னவென்று சொல்வது! மேலே அண்ணன் முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். ஓலை கயிற்றோடு சேர்ந்து பாய் மாதிரி கையோடு வந்தது. ஓலையை ஓலையோடு கட்டியிருக்கிறார்கள், வீட்டோடு கட்டவில்லை.

நல்லாதன் கீழே குனிந்து, "ஏ சுவரே..." என்று தொடங்கினான். காற்றில் அது அவன் காதுக்கே கேட்கவில்லை.

அப்போது வெண்ணி, "சித்தப்பா, பயமா இருக்கு" என்றாள்.

இளநாகன் பரணிலிருந்து கத்தினான். "அண்ணே! கைமரத்துக்கு அந்தப் பக்கம் குத்துண்ணே!"

மேலே ஊசி நின்றது. நல்லாதன் கூரையோடு கூரையாகப் படுத்து, ஓலையில் வாயை வைத்துக் கேட்டான்.

"எவ்வளவு தள்ளிடா?"

"ஒரு சாண்! வலது கைப்பக்கம்!"

"வந்துச்சா?"

"வந்துச்சு! கோத்தாச்சு, இழு!"

இந்த முறை கயிறு கைமரத்தைக் கவ்விக்கொண்டது. அதற்கப்புறம் அவர்கள் வாயை மூடவே இல்லை. குத்துகிறார்கள், திட்டிக்கொள்கிறார்கள், இழுக்கிறார்கள்.

"ஏண்டா, சபையில வச்சா மானத்தை வாங்குவே?"

"தப்புதாண்ணே! ஆனா குழம்புல உப்பு இல்லதானே?"

"இல்லடா" என்றான் நல்லாதன். "வாயில வச்சதுமே எனக்கும் தெரிஞ்சுது."

தம்பி சிரித்தான். அண்ணனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருவரும் அழுதார்கள். மழையில் அண்ணன் அழுதது தெரியவில்லை, பரணில் இருந்தவன் அழுதது எல்லாருக்கும் தெரிந்தது.

முகடு முழுக்கக் கட்டி முடித்து நல்லாதன் இறங்கியபோது புயல் ஊருக்குள் வந்துவிட்டது. மாலை வரை அடித்தது. மரங்கள் சாய்ந்தன, பக்கத்து வீட்டுக் கூரைகள் பறந்தன. இந்தக் கூரை முனகியது, குலுங்கியது, ஆனால் போகவில்லை. பொழுது சாய்வதற்குள் வெண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம்.

மருத்துவச்சி குழந்தையை நீட்டினாள். கயிறு அறுத்து நல்லாதனின் கையெல்லாம் ரத்தம். வாங்க முடியாமல் நின்றான். தம்பி வாங்கி, அண்ணனை உட்காரவைத்து அவன் மடியில் வைத்துத் தானும் ஒரு கையால் தாங்கிக்கொண்டான்.

"இத்தனை நாளை வீணாக்கிட்டோமேடா" என்றான் நல்லாதன். இளநாகன் அண்ணன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

கேட்டவர்கள் இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்: ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டால், எவ்வளவு நல்ல கயிறும் அந்த வீட்டைக் காப்பாற்றாது.