இறங்காத கை

தாணுலிங்கம் மூன்றாவது முறையாக அந்தச் சிறு பலகையைக் கொண்டுவந்து ஜெசிந்தாவின் மேசைமேல் வைத்தார்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு நூற்பாலையில் முப்பத்துநான்கு வருடம் இயந்திரங்களுக்கு நடுவே நின்று ஓய்வு பெற்றவர். ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு. ஒழுகினசேரியில் ஸ்பீக்கர் பெட்டி செய்பவள். மகள் வயதுக்காரியை அவர் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். ஸ்பீக்கர் வேலையில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது.

அந்தப் பலகைதான் கிராஸ்ஓவர். பாட்டை இரண்டாகப் பிரித்து, கனத்த ஒலியைப் பெரிய ஸ்பீக்கருக்கும், மெல்லிய ஒலியை ட்வீட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கருக்கும் அனுப்புவது அதன் வேலை.

“எங்க தப்பு டீச்சர்? எல்லாம் நீங்க போட்டுத் தந்த கணக்குதான். ஆனா ஜால்ரா சத்தமே வரல. பாடுறவங்க போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு.”

ஜெசிந்தா பலகையைப் புரட்டிப் பார்த்தாள். “ட்வீட்டரை அடக்க ஒரு ரெசிஸ்டர் வச்சிருந்தேனே அண்ணாச்சி?”

“கழட்டிட்டேன். அது இருந்தா ஒண்ணுமே கேக்கல.”

அவள் பலகையைத் தன் பெட்டியில் இணைத்து ஒரு பாட்டைப் போட்டாள். அவள் கை தானாகக் காதுப் பக்கம் போய், பாதியில் நின்றது.

“வீட்டுல யாரு கேக்கா?”

“நான்தான். வீட்டுக்காரி பகவதிக்குன்னுதான் செய்ய ஆரம்பிச்சேன். அந்தக் காலத்துல ரேடியோவை விட்டு நகர மாட்டா. இப்ப நான் பாட்டைப் போட்டா எந்திரிச்சுக் கிணத்தடிக்குப் போயிருதா. வாழ்நாளெல்லாம் ஷிப்டு ஷிப்டுன்னு ஓடிட்டேன். இப்பவாவது அவகூட உக்காரலாம்னு பாத்தேன். என்மேல என்ன வருத்தமோ.”

ஜெசிந்தா பாட்டை நிறுத்தினாள்.

“நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வாறேன். அக்காவை இருக்கச் சொல்லுங்க.”

மறுநாள் கணவனையும் மனைவியையும் அருகருகே நாற்காலியில் உட்காரவைத்தாள். லேப்டாப்பை ஸ்பீக்கரோடு இணைத்தாள்.

“ஒரு சத்தம் போடுவேன். சுருதி கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறும். கேக்குற வரைக்கும் கையைத் தூக்கி வச்சிருங்க. நின்னதும் இறக்குங்க. கண்ணை மூடிக்கிடுங்க.”

சீட்டி போல ஓர் ஒலி கிளம்பி ஏறியது. தாணுலிங்கம் கவனமாகக் கேட்டார். ஒலி மெலிந்து, நூலாகி, அறுந்தது. கையை இறக்கினார்.

“நின்னுட்டு டீச்சர்.”

கண்ணைத் திறந்தார். ஜெசிந்தா லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பகவதியின் கை உயர்ந்தே இருந்தது. மூடிய கண்களுக்கு மேல் புருவம் சுருங்கியிருந்தது.

தாணுலிங்கம் ட்வீட்டரைப் பார்த்தார். மனைவியின் கையைப் பார்த்தார். அது இறங்கவில்லை. அவர் எழுந்து ஸ்பீக்கரிடம் போய்க் காதை வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அதற்கும் பிறகுதான் அந்தக் கை இறங்கியது.



“மில்லுல, இரைச்சலுக்குக் காதுல பஞ்சு வைக்கச் சொல்லத்தான் செஞ்சாங்க,” என்றார் தாணுலிங்கம். “நான்தான் வைக்கல.”

பிறகு மனைவியிடம் திரும்பினார். “அப்ப, நான் போட்ட பாட்டெல்லாம் உனக்கு?”

“காதுல ஊசி குத்துன மாதிரி இருக்கும்.”

“சொல்லியிருக்கலாம்லா?”

“மூணு மாசமா சோறு தண்ணி மறந்து செஞ்சீங்க. எப்படிச் சொல்ல?” என்றாள் பகவதி, புடவை முந்தானையைப் பார்த்துக்கொண்டே.

ஜெசிந்தா பையிலிருந்து ஒரு பிடி ரெசிஸ்டர்களை எடுத்துத் தாணுலிங்கத்தின் உள்ளங்கையில் வைத்தாள். ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. அவர் கையை மூடவில்லை.

“இதை வச்சா அவளுக்குச் சரியா இருக்கும். எனக்குக் கேக்காது. எது சரின்னு எனக்கு எப்படித் தெரியும்? இனி நான் எதை வச்சுக் கேக்க டீச்சர்?”

ஜெசிந்தா லேப்டாப்பை மூடினாள்.

“இதுவரை பாட்டைக் கேட்டீங்க அண்ணாச்சி,” என்றாள். “இனி அக்காகிட்ட கேளுங்க.”