முயலார் கேட்ட வேகத்தடை

காரைப்புதர்களுக்கு நடுவே ஒரு சந்து இருந்தது. இரண்டு பக்கமும் முள். ஒரு முனையில் காடு, மறுமுனையில் குளம். முயலும் காடையும் ஓணானும் அங்கே குடியிருந்தன.

காட்டுப்பன்றிகள் எப்போதும் பாறையைச் சுற்றித்தான் குளத்துக்குப் போகும். அதுதான் பெரிய பாதை. இந்த வருஷம் எப்படியோ சந்துக்குள் நுழைந்துவிட்டன. காலையில் ஒரு ஓட்டம், மாலையில் ஒரு ஓட்டம். தரை அதிரும், புழுதி கிளம்பும். ஓணான் புதரிலிருந்து தினமும் இரண்டு தடவை கீழே விழும்.

காடைக்கு ஏழு குஞ்சுகள். புல் விதை எதிர்ப்பக்கம்தான் கிடைக்கும். அதனால் தினமும் சந்தைக் கடந்தாக வேண்டும். போகும்போது ஏழு எண்ணுவாள். போய்ச் சேர்ந்ததும் மறுபடியும் எண்ணுவாள். ஒருநாள் ஆறுதான் வந்தது. கடைக்குட்டி சுண்டு, பன்றியின் குளம்புக்குழியில் உட்கார்ந்து, "அம்மா, இங்க தண்ணி இருக்கு!" என்று கூப்பிட்டான். காடைக்கு உயிரே இல்லை.

பெரிய பன்றியை வழிமறித்தாள். "அண்ணே, கொஞ்சம் மெதுவா போகக் கூடாதா? பிள்ளைங்க நடமாடுற இடம்!"

"மெதுவா போறதுக்கா தாயி குறுக்குவழியில வர்றோம்?" என்றது பன்றி. போயே போய்விட்டது.

அன்றே கூட்டம் போட்டார்கள். முயலார் கடைசியாகத்தான் வந்தார். வந்த வேகத்தில் எல்லார் கண்ணிலும் மண். வந்ததும் அவரே பேசினார்.

"அநியாயம்! இது நாம குடியிருக்குற சந்தா, பன்றிங்க ஓடுற மைதானமா? உடனே வேகத்தடை வைக்கணும்!"

"யார் வைக்கிறது?" என்றது ஓணான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எல்லாரும் புதரடியில் குடியிருந்த கறையான்களைப் பார்த்தார்கள். கறையான் மேஸ்திரி வெளியே வந்தார். "புற்று கட்டிக் கொடுக்கிறோம். காஞ்சா கல்லு மாதிரி நிக்கும். ஆனா ஒரு நிபந்தனை. காடையக்கா, உங்க பிள்ளைங்க இனிமே எங்களைத் திங்கக் கூடாது!"

காடை விழித்தாள். குஞ்சுகளுக்குக் கறையான் என்றால் உயிர். கறையான் இல்லாமல் இந்த ஏழையும் எப்படித் தேற்றுவது? ஆனால் பன்றி மிதித்தால் தேற்ற எது மிஞ்சும்?

"சரிங்க மேஸ்திரி," என்றாள். "நான் பார்த்துக்கிறேன்."

சந்தின் குறுக்கே புற்று எழுந்தது. ஓரத்தில் குஞ்சுகள் நுழைய மட்டும் ஒரு சின்ன இடைவெளி. மறுநாள் காலையில் பெரிய பன்றி வழக்கம்போல் வந்தது. முட்டியில் ஒரு இடி! மூக்கு மண்ணில்!

"எவன்டா நடுவழியில புத்து வச்சது?"

அன்றிலிருந்து பன்றிகள் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து ஏறின. பாதிப் பன்றிகள், "இந்தக் கொடுமைக்குப் பாறையையே சுத்திப் போகலாம்!" என்று திரும்பிவிட்டன. காடை அன்றுதான் ஒரே தடவை எண்ணினாள்.

முயலாருக்கு மட்டும் திருப்தி இல்லை. "இது போதாது மேஸ்திரி! இன்னும் உயரம் வேணும்!" என்றார். சொல்லிவிட்டு ஒரே தாவில் புற்றைத் தாண்டிப் பறந்தார்.

"முயல் மாமா, நீங்களும் மெதுவா போகலாமே?" என்றாள் காடை.

"நானா? நான் இந்தச் சந்துக்காரன்மா! தடை வெளியாளுக்கு!"

கறையான்கள் உயர்த்தின. அவர் தாண்டினார். "இன்னும் கொஞ்சம்!" என்றார். மறுபடியும் உயர்த்தின. இப்படி நாலு தடவை.

ஐந்தாம் தடவை கறையான்கள் காலையிலேயே வேலையை முடித்துவிட்டன. முயலார் குளத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கால் நல்ல சூட்டில் இருந்தது. உயர்த்தச் சொன்னதே மறந்துபோயிற்று. நேற்றைய உயரத்துக்குத் தாவினார்.

டொம்!

முன்பல் இரண்டும் புற்றில் பதிந்தன. காது இரண்டும் முன்னால் கவிழ்ந்தன. காடை அலறிக்கொண்டு ஓடி வந்தாள். புற்றின் மறுபக்கத்தைப் பார்த்தாள். முயலார் வழக்கமாக வந்து குதிக்கும் இடத்திலேயே சுண்டு உட்கார்ந்திருந்தான். வாயில் ஒரு கறையான் துடித்துக்கொண்டிருந்தது.

"துப்புடா அதை!" என்றாள் காடை. கத்திக்கொண்டே அவனை இறக்கைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். துப்பிய கறையான் நொண்டிக்கொண்டே புற்றுக்குள் நுழைந்தது. "இந்த ஒரு தடவை போகட்டும் அக்கா. இன்னைக்கு உங்க பிள்ளைக்கும் நல்ல நேரம், எங்க ஆளுக்கும் நல்ல நேரம்," என்றார்.

அந்த நேரம் பெரிய பன்றி வந்தது. ஒவ்வொரு காலாக வைத்துப் புற்றின் மேல் ஏறியது. கீழே பல்லோடு மாட்டிக்கொண்டு கிடந்த முயலாரைக் குனிந்து பார்த்தது.

"மெதுவா போப்பா! பிள்ளைங்க நடமாடுற இடம்!"

முயலார் ஏதோ சொல்லப் பார்த்தார். வாய் நிறைய மண்.

"என்ன முறைக்கிற? பாறையை ஏன் சுத்துறீங்க, எங்க சந்துல பாதி நேரத்துல குளத்துக்கு வந்துடலாம்னு கரையில நின்னு பெருமை அடிச்சது யாரு? நீதானே!"

சந்தே திரும்பிப் பார்த்தது. ஓணான் சிரித்த சிரிப்பில் புதரிலிருந்து விழுந்தது. பன்றி ஓடாமலே அது விழுந்தது அன்றுதான்.

பல்லை விடுவிக்க மேஸ்திரிக்கு மாலை வரை ஆயிற்று. அதற்குப் பிறகு முயலார் ஓரத்து இடைவெளியில் வயிற்றை எக்கிக்கொண்டு, குஞ்சுகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றுதான் போகிறார்.

ஊரார் வேகத்துக்குத் தடை கேட்பவர், தன் காலையும் அந்த ஊரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.