கயிற்றில் நாலு பேர்

"என் ரிப்போர்ட்ல மட்டும் ஏன் மேடம் கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க?"

கேட்டவன் தில்லைநாயகம். தடயவியல் ஆய்வகத்தில் டிஎன்ஏ பிரிவு. டாக்டர் ஹசீனா அந்தப் பிரிவின் தலைவர். அவர் கையெழுத்து இல்லாமல் அங்கிருந்து ஒரு தாள் வெளியே போகாது.

ஒரு சின்னப் பிள்ளையைக் கயிற்றால் நெரித்துக் கொன்றிருந்தார்கள். மார்க்கெட்டில் மூட்டை கட்டும் கயிறு. போலீஸ் லோடுமேன் சூசைமாணிக்கத்தைப் பிடித்து உள்ளே வைத்திருந்தது. கயிற்றில் அவன் டிஎன்ஏ இருக்கிறது என்று தில்லை எழுதிவிட்டால் போதும், தூக்குதான் என்று ஊரே பேசியது. தில்லைக்கும் அதே வயதில் ஒரு மகள்.

"கயித்துல எத்தனை பேரு?" என்றார் ஹசீனா.

"நாலு பேரு மேடம். நாலாவது ஆள் சூசை."

"எப்படிச் சொல்றே?"

தில்லை கிராஃபை விரித்தான். டிஎன்ஏவில் அவர்கள் பார்க்கும் ஒவ்வொரு இடத்திலும் ஆளுக்கு இரண்டு எண். அம்மா கொடுத்தது ஒன்று, அப்பா கொடுத்தது ஒன்று. தனி ஆள் என்றால் படிப்பது லேசு. நாலு பேர் கலந்துவிட்டால் கூட்டாஞ்சோறுதான். எது எந்த வீட்டு அரிசி என்று யார் கண்டது?

"சூசையோட எண் பெரும்பாலும் இருக்கு மேடம்."

"இல்லாத இடம்?"

"மூணு இடத்துல இல்ல. சாம்பிள் கம்மி. அதனால தெரியாமப் போயிருக்கும்."

"கயித்தை முதல்ல படிச்சியா, சூசையை முதல்ல படிச்சியா?"

தில்லை சூசையின் எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கயிற்றைப் படித்திருந்தான். செய்யக் கூடாது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அவசரத்தில் எல்லாரும் செய்வதும் அதுதான்.

"செத்தது குழந்தை மேடம். நீங்க கொன்னவனுக்குப் பரிஞ்சு பேசறீங்க."

ஹசீனா மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். பெயர் இருந்த பகுதியை உள்பக்கமாக மடித்து, எண்களை மட்டும் அவனிடம் காட்டினார்.

"இந்த ஆளும் கயித்துல இருக்கானா பாரு."

தில்லை உட்கார்ந்தான். ஒவ்வொரு இடமாக விரல் வைத்துப் பார்த்தான். போகப் போக அவன் முகம் மாறியது.

"இருக்கான் மேடம். ரெண்டே இடத்துலதான் இல்ல. சூசையை விட நல்லாப் பொருந்துறான்."

"இல்லாத அந்த ரெண்டு இடம்?"

"அதான் சாம்பிள் கம்மியாச்சே மேடம்." தில்லை எழுந்துவிட்டான். "அப்ப இவன்தானா? யாரு மேடம் இந்தப் பாவி?"

"பிரிச்சுப் பாரு."

பிரித்தான். ஆய்வகத்தில் வேலை செய்கிறவர்களின் எண்களையும் அங்கே எடுத்து வைத்திருப்பார்கள். அந்தத் தாள்களில் ஒன்று அது. மேலே அவன் பெயர் இருந்தது.

தில்லை கிராஃபைத் தள்ளி வைத்தான்.

"மேடம், என்கிட்ட வந்தது இந்த கிராஃப் மட்டும்தான். அந்தக் கயித்தை நான் தொட்டதே இல்ல."

"சூசையும் அதைத்தான் சொல்றான்" என்றார் ஹசீனா. "ரெண்டு பல்லு போன பிறகும் அதைத்தான் சொல்றான்."