யானை ஏறாத மேடை

நாணற்குளக் காட்டில் வீடு கட்டத் தெரிந்த பிராணிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொறியாளர் சங்கம் வைத்திருந்தன. வளை தோண்டுவதில் பேர்போன பெருச்சாளி பூமிநாதர் அதற்குத் தலைவர். தூக்கணாங்குருவி நாரழகன் செயலாளர்.

நாரழகன் கெட்டிக்காரன். அவன் முடிச்சுப் போட்டால் புயலே அடித்தாலும் அவிழாது. ஆனால் யார் எதைக் கேட்டாலும், "ஆகட்டும்!" என்று தலையாட்டிவிடுவான். 'முடியாது' என்ற சொல் தொண்டை வரை வரும், அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

அந்த வருஷம் சங்கம் 'தலைமைப் பண்பு மாநாடு' ஒன்றை நடத்தத் தீர்மானித்தது. ஏற்பாடு முழுவதும் நாரழகன் தலையில் விழுந்தது. குளக்கரையில் மூங்கில் மேடை கட்டினான். முன்கால்கள் கரையில், பின்கால்கள் தண்ணீரில்.

"ஐயா, இது பன்னிரண்டு பேரைத் தாங்கும். அதற்கு மேல் ஒருவர்கூடக் கூடாது" என்று தலைவரிடம் சொன்னான்.

"தாராளம்!" என்றார் பூமிநாதர்.

மறுநாளே மரங்கொத்தி வந்தது. "என்ன தம்பி, எனக்கு மேடையில் இடம் உண்டல்லவா?"

"ஆகட்டும் அண்ணே!"

முள்ளம்பன்றிக்கு விஷயம் எட்டியது. "மரம் கொத்துகிறவனுக்கு மேடை, மண் தோண்டுகிற எனக்குத் தரையா? எனக்கு இரண்டு பேர் இடம் வேண்டும். பக்கத்தில் உட்காருகிறவர்களைக் குத்தினால் நான் பொறுப்பல்ல!"

"கோபப்படாதீர்கள்! இரண்டு இடமே எடுத்துக்கொள்ளுங்கள்!"

குளவி தன் ஏழு சகோதரிகளோடு வந்தது. உடும்பு வந்தது. எதையும் கட்டியே அறியாத மயில்கூட வந்தது. எல்லோருக்கும் ஆகட்டும், ஆகட்டும்! மாநாட்டுக்கு முந்தின நாள் பட்டியலில் முப்பத்தொரு பேர். கீழே உட்கார்ந்து கேட்க முயல்களும் தவளைகளும்தான் மிச்சம்.

"பன்னிரண்டு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்றாள் மனைவி.

"ஒரு நாள்தானே! எப்படியாவது தாங்கிவிடும்."

"நம் கூட்டை 'எப்படியாவது தாங்கும்' என்று கட்டியிருந்தால் அதில் நான் முட்டையிட்டிருப்பேனா?"

நாரழகனுக்கு அன்று இரை இறங்கவில்லை. போய் மேடையில் இன்னும் நாற்பது முடிச்சுப் போட்டான். முடிச்சு கூடினால் மூங்கில் தடித்துவிடுமா?

மாநாட்டு நாள் வந்தது. முப்பத்தொரு பேரும் மேடையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியதும், மேடைக்கு அடியில் நிழல் கண்டு முயல்கள் குட்டிகளோடு நுழைந்துகொண்டன.

அப்போது யானைக் கூட்டத்தின் தலைவி மலையரசி வந்தாள். அவள்தான் சிறப்பு விருந்தினர். பூமிநாதர் மேடையிலிருந்தே கூவினார்: "வாருங்கள் அம்மா! உங்கள் பாதம் பட்டால்தான் மேடைக்கே மரியாதை!"

மலையரசி முன்காலைத் தூக்கினாள்.

நாரழகன் கீழே பார்த்தான். இரண்டு முயல்குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. விருட்டென்று பறந்து யானையின் துதிக்கையில் உட்கார்ந்தான்.

"முடியாது! ஏறாதீர்கள்! பன்னிரண்டு பேருக்குக் கட்டிய மேடை இது. முப்பத்தொரு பேரை ஏற்றியது என் தப்பு! எல்லோரும் இறங்குங்கள்! முயல்களே, வெளியே ஓடுங்கள்!"

பறவைகள் பறந்தன. குளவிகள் கலைந்தன. பூமிநாதரும் முள்ளம்பன்றியும் தவிர மற்ற எல்லோரும் இறங்கினார்கள். முயல்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு ஓடின. பூமிநாதருக்கு மீசை துடித்தது.

"வீடு தேடி வந்த விருந்தாளியை ஏறாதே என்பதா? என் மானமே போயிற்று! இனி நீ செயலாளர் இல்லை!"

மலையரசி காலை மெல்லத் தரையில் வைத்தாள். "அப்பாடா! கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் மாலையோடு நிற்கிறார்கள். எவ்வளவு தாங்கும் என்று ஒருவரும் சொல்வதில்லை. போன மாதம் கரடி வீட்டுக் கல்யாண மேடை இடிந்து இரண்டு நாள் பள்ளத்தில் கிடந்தேன்!"

"எங்கள் மேடை அப்படிப்பட்டதல்ல! பாருங்கள், பாறை மாதிரி நிற்கும்!" என்று பூமிநாதர் ஓங்கிக் குதித்தார். "ஆமாம், பாறை!" என்று முள்ளம்பன்றியும் குதித்தது.

மடார்! ஏற்கெனவே பாரம் தாங்கி விரிசல் கண்டிருந்த பின்கால் முறிந்தது. மேடை முழுவதும் நொறுங்கிச் சரிந்தது. இருவரும் குளத்துக்குள் 'தொபுக்கடீர்' என்று விழுந்தார்கள்.

முள்ளம்பன்றி முள்ளெல்லாம் பாசி தொங்கக் கரையேறியது. பூமிநாதர் சேற்றைத் துப்பிவிட்டு, முயல்குட்டிகள் படுத்திருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே மூங்கில்கள் குவிந்து கிடந்தன.

அவர் நாரழகன் பக்கம் திரும்பினார். "நாரழகா, நீயே செயலாளராக இருப்பா. நீ அன்றைக்கே சொன்னாய். நான் காதில் வாங்கவில்லை."

"ஒரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேனே ஐயா, அதுதான் பெரிய தப்பு" என்றான் நாரழகன்.

மாநாடு புல்தரையில் நடந்தது. பெருவெள்ளத்தில் தன் கூட்டத்தை ஆற்றைக் கடக்க வைத்த கதையை மலையரசி சொன்னாள். முயல்கள் கேள்வி மேல் கேள்வி கேட்டன. ஈரம் சொட்டச் சொட்ட, பூமிநாதர் தவளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டார்.

எல்லோருக்கும் நல்லவராக இருக்க நினைத்து, தெரிந்த உண்மையைச் சொல்லாமல் விடுகிறவர் எல்லோரையும் ஆபத்தில் தள்ளிவிடுவார்.